வேன்காரர் எழுதின பதினஞ்சு பேர்

ஜூன் 4

தங்கச்சிக்கு,

எனக்கு முட்டிவலி, உன் அண்ணிக்கு என்னால தலைவலி, மத்தபடி நாங்க நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு கேட்க போன் போட்டேன். பதினோரு தடவை. நாலு வருஷமா எடுக்காதவ இப்ப மட்டும் எடுத்துடுவியா. போனை வைக்க ஒரு விரல் போதும். கடிதத்தைக் கிழிக்க ரெண்டு கையும் வேணும், அதுக்குள்ள நாலு வரியாவது கண்ணுல படும். அந்த தைரியத்துலதான் எழுதுறேன்.

ஏழாவதுல சுவர் ஏறிக் குதிச்சு லாரிக்கு கிளீனரா ஓடினவன் எழுத்து இது. டீச்சரம்மா சிவப்புப் பேனாவைப் பக்கத்துலயே வச்சுக்கோங்க.

உன் ஸ்கூல் கேட்ல பூட்டு தொங்குது. ஒண்ணாம் தேதி வந்து பூட்டிட்டு, ஒரு தாளையும் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சேன். போதிய மாணவர் எண்ணிக்கை இல்லாததால அருகிலுள்ள பள்ளியோட சேர்க்கிறாங்களாம். அருகிலுள்ளன்னா யாருக்கு அருகுல? எழுதினவன் கார்ல வந்திருப்பான். அந்த ஸ்கூலுக்குப் போகணும்னா பெரிய ரோட்டைத் தாண்டணும். அந்த ரோட்டுல லாரி ஓட்டினவன் நான். எட்டு வயசுப் பிள்ளை குறுக்க வந்தா பிரேக் எந்த இடத்துல பிடிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன், பிடிக்காது.

கடைசியா உன்கிட்ட இருந்த எட்டுப் பிள்ளையில அஞ்சை அப்பன்மார் பைக்குல கொண்டுபோய் விடுறாங்க. மூணு வீட்டுலயே கிடக்கு. இஸ்திரிக்காரம்மா பொண்ணு, அதான் நம்ம வாயாடி, மேஜைக்கு அடியில உட்கார்ந்து அடுத்தவன் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கிட்டு இருக்கா. "தாத்தா, எங்க ஸ்கூலுக்கு எப்ப லீவு முடியும்"னு கேட்டா. நான் எதுக்கும் சுடச்சுட ஒரு பதில் வச்சிருப்பேன், உனக்கே தெரியும். அன்னிக்கு அவ தேடின சாக்ஸுக்கு ஜோடியை எடுத்துக் கொடுத்துட்டு நடந்து வந்துட்டேன்.

நேத்து டேப்பை எடுத்துக்கிட்டு ரெண்டு பேர் வந்து உன் வகுப்பறையை அளந்தாங்க. எதுக்குப்பான்னேன். கல்வி ஆபீஸ்ல உடைஞ்ச நாற்காலி எல்லாம் இங்க கொண்டுவந்து போடப் போறாங்களாம். பிள்ளைங்க எண்ணிக்கை பத்தாதாம். உடைஞ்ச நாற்காலி எண்ணிக்கை பத்துதாம்.

நீ போன மாசமே பெட்டியைத் தூக்கிட்டு டிரான்ஸ்பர்ல போயிட்ட. சொல்லிட்டுப் போகல. சரி. வந்து நாலு கேள்வியாவது கேளு.

அண்ணன்


ஜூன் 11

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கல. சிவப்புப் பேனாவும் எடுக்கல, எடுத்தா உங்க எழுத்து எதுவும் மிஞ்சாது.

ஸ்கூலைப் பூட்டினதுக்கு உங்களுக்கு ஆத்திரமா. தெருவுல யாருக்கு வேணும்னாலும் வரட்டும். உங்களுக்கு வரலாமான்னு மட்டும் கொஞ்சம் யோசிங்க.

நான் பொறுப்பெடுத்தப்ப நூத்தி இருபத்தாறு பிள்ளைங்க. அடுத்த வருஷம் நீங்க பிரைவேட் ஸ்கூலுக்கு ஓட்டன்னு வேன் வாங்கினீங்க. காலையில எட்டு அம்பதுக்கு என் கேட்டுக்கு நேரா நிறுத்தி ஹாரன் அடிப்பீங்க. திரும்ப வேற இடமில்லன்னு சொல்வீங்க. உள்ள பிரேயருக்கு வரிசையில நிக்கிற பிள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கமே பார்க்கும். அப்புறம் வீடு வீடா ஏறி, "அக்கா, டை கட்டின பிள்ளைக்கு வர்ற மரியாதையே தனி"ன்னு பேசினீங்க. நூத்தி இருபத்தாறு தொண்ணூறாச்சு. தொண்ணூறு நாப்பதாச்சு. ஒவ்வொரு டிசியிலயும் கையெழுத்துப் போட்டது நான்.

அது பிழைப்புன்னு பொறுத்துக்கிட்டேன். நாலு வருஷம் முன்னாடி நடந்ததைத்தான் பொறுக்க முடியல. பெத்தவங்களை எல்லாம் கெஞ்சிக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டேன். ஜன்னல் வழியா தலையை நீட்டி, "டீச்சரம்மா, ஆளுக்கு மூணு பெஞ்சு கொடுத்தாக்கூட மிச்சம் இருக்கும் போல"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சவங்கள்ல அஞ்சு பேர் அடுத்த வாரம் டிசி கேட்டு வந்து நின்னாங்க. உங்களுக்கு அது ஒரு ஜோக். எனக்கு அது ஒரு வகுப்பு.

இப்ப வந்து நாலு கேள்வி கேட்கச் சொல்றீங்க. நான் கேட்க வேண்டிய முதல் ஆள் உங்க வீட்டுலதான் இருக்கார்.

மூணு பிள்ளைங்க வீட்டுல கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

இப்படிக்கு
தங்கை


ஜூன் 15

டீச்சரம்மாவுக்கு,

என்ன, திடீர்னு "நீங்க"? சண்டை போட்ட அன்னிக்குக்கூட "போடா"ன்னுதான் சொன்ன. மரியாதை கொடுத்தே அடிக்கிறது எந்த காலேஜ்ல கத்துக்கிட்ட?

நீ எழுதினது அத்தனையும் நிஜம். ஹாரன், டை, ஜன்னல், எல்லாம். அந்த ஜன்னல் விஷயம் என் நாக்கு செஞ்ச வேலை. நாலு பேர் கூடி இருந்தா அதுக்கு அரிக்கும். அன்னிக்கு சிரிச்சவங்க வீட்டுக்குப் போய் டிசி வாங்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. வேன்ல அஞ்சு சீட்டு காலியா இருந்துச்சு.

ஆனா கணக்குல ஒரு பிள்ளையை விட்டுட்ட. வேன் வாங்கின முதல் நாள், டிரைவர் பக்கத்து சீட்டுல ஏறி உட்கார்ந்தது யாரு? உன் பையன். நீயே குனிஞ்சு ஷூ லேஸ் கட்டி ஏத்திவிட்ட. "அண்ணே, இவனைப் பார்த்துக் கூட்டிட்டுப் போ"ன்னு சொன்ன. அதுக்கப்புறம் தெருவுல நான் எவ்வளவு பேசினேன்னு நினைக்கிற? அவ்வளவு எல்லாம் பேசவே இல்ல. "டீச்சர் பையனே எங்க போறான் பாருங்க" — இவ்வளவுதான். கதவு திறந்துடும்.

தெரு முழுக்க எனக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுச்சு. உன்னைப் பார்த்துத்தான் பண்ணிச்சு.

எழுதிட்டுக் கிழிச்சுடலாம்னுதான் வச்சிருந்தேன். உன் அண்ணி ஸ்டாம்ப் ஒட்டிட்டா. ஸ்டாம்ப் வீணாகக் கூடாதாம் அவளுக்கு.

அண்ணன்


ஜூன் 27

அண்ணனுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததுக்கு வேலை காரணம் இல்ல.

ஆமா. முதல் சீட்டு என் பையனோடதுதான். யாராவது ஒரு நாள் இதை என் முகத்துக்கு நேரா கேட்பாங்கன்னு பதிமூணு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன். யாரும் கேட்கல. முதுகுக்குப் பின்னால பேசினாங்க, டிசி வாங்கினாங்க.

ஏன் அனுப்பினேன்னு கேளு. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர். அதுல ஒருத்தர் எப்பவும் வெளியில. ஓட்டர் லிஸ்ட், வீட்டுக் கணக்கு, ஆடு மாடு கணக்கு. ஒரு வருஷம் முழுக்க நான் தெருத் தெருவா மாடு எண்ணினேன், நாலாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்க ஆளில்லாம. அந்த நாலாம் வகுப்புக்குத்தான் என் பையன் வர வேண்டியது. அங்க உட்கார்ந்தா அவனுக்கு என்ன கிடைக்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? இன்னொரு டீச்சர் கொடுங்கன்னு ஆபீஸுக்கு எழுதினேன். பிள்ளைங்க குறையுது, தர முடியாதுன்னாங்க. டீச்சர் இல்லாமதான் குறையுதுன்னு எழுதினேன். குறையட்டும், பார்க்கலாம்னு விட்டாங்க. குறைஞ்சது. இப்ப வந்து பூட்டினாங்க. நம்ம வாயைப் பொத்திட்டு, பேசவே மாட்டேங்குறாங்கன்னு ரிப்போர்ட் எழுதுற மாதிரி இருக்கு எனக்கு.

அவனை அனுப்பினது தப்புன்னு டீச்சரா தோணுது. அம்மாவா இன்னமும் தோணல.

இப்ப ஒரு வேலை சொல்றேன், விளையாடாம கேளு. கேட்ல ஒட்டின நோட்டீஸுக்கு ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்கு. அதை எங்கயும் ஒட்ட மாட்டாங்க. இங்க ஆபீஸ்ல தேடி எடுத்துப் படிச்சேன். பூட்டின தேதியிலேர்ந்து நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள, பதினஞ்சு பிள்ளைங்களோட பெத்தவங்க, எங்க பிள்ளையை இங்கதான் சேர்ப்போம்னு கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தா, திறந்தே ஆகணும். ஜூலை பதினஞ்சு கடைசி நாள். பழைய எட்டு இருக்கு. இன்னும் ஏழு வேணும்.

வீடு வீடா ஏற உன்னைவிடப் பழகினவங்க அந்தத் தெருவுல யாரும் இல்ல.

தங்கை


ஜூலை 5

தங்கச்சிக்கு,

ஏறினேன். முட்டி இப்ப என்கிட்ட பேசுறதில்ல, உன்னை மாதிரி.

இஸ்திரிக்காரம்மா தாளைப் படிக்கக்கூட இல்ல, எங்க போடணும்னு மட்டும் கேட்டா. பழைய எட்டு வீடும் ஒரே சாயங்காலத்துல முடிஞ்சுது. ஒன்பதாவது வீடுதான் மாடி வீட்டு பேங்க்காரம்மா. உட்காரச் சொன்னாங்க. உட்கார்ந்தேன்.

"ஐயா, இதே சோபாவுல உட்கார்ந்துதானே அந்த ஸ்கூல்ல சேருங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"இப்ப இந்த ஸ்கூல்ல சேருங்கங்குறீங்க."

"ஆமா. அப்ப என்கிட்ட வேன் இருந்துச்சு."

சிரிச்சாங்க. கையெழுத்துப் போடல. டீ மட்டும் கொடுத்தாங்க. சிரிச்சா வேலை ஆகும்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன் பாரு.

அடுத்த வீட்டுலேர்ந்து சிரிக்க வைக்காம பேசிப் பார்த்தேன். அப்பதான் அவங்க பேச ஆரம்பிச்சாங்க. அந்த டை ஸ்கூல்லயும் கதை முடிஞ்சு போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு வகுப்பையும் ஒரே ரூம்ல போட்டுட்டாங்களாம். மேல்மாடியைக் காலி பண்ணிட்டாங்க. என் வேன்ல ஒரு காலத்துல இருபத்திரெண்டு பேர், மடியில உட்கார வச்சு ஏத்துவேன். போன வருஷம் ஆறு பேர். நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு போன்ல சொன்னாங்க. உனக்கு நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்னு செய்தி வந்திருக்கும். அது நான் கிளப்பிவிட்ட செய்தி.

பிள்ளைங்களே இல்ல தங்கச்சி. நம்ம வீட்டுல நாம ஆறு பேர் ஒரு பாயில படுத்தோம். இப்ப வீட்டுக்கு ஒண்ணு. அதுலயும் பாதி வீடு பூட்டிக் கிடக்கு, வேலை தேடி சின்னஞ்சிறுசுங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருக்கிற பத்து இருபது பிள்ளைக்கு நானும் நீயும் பதிமூணு வருஷம் அடிச்சுக்கிட்டோம். அடிச்சுக்கிட்டு முடிக்கிறதுக்குள்ள பூட்டைத் தூக்கிட்டு மூணாவது ஆள் வந்துட்டான்.

பதினாலு ஆச்சு. பதினஞ்சாவது என் பேரன். மருமககிட்ட கேட்டேன். "மாமா, விளையாடாதீங்க, குக்கர் சத்தம் போடுது"ன்னா. நான் எப்ப வாயைத் திறந்தாலும் விளையாட்டுன்னுதான் இந்த வீட்டுல நினைப்பு. அடுப்பை அணைச்சேன். "இது விளையாட்டு இல்லம்மா. அவனை ரோட்டைத் தாண்ட விட எனக்குத் தைரியம் இல்ல, அந்த மூணு வகுப்பு ரூம்ல விடவும் மனசில்ல. உன் கையெழுத்து வேணும்"னேன். என்னை மேலேயும் கீழேயும் பார்த்தா. உடம்புக்கு ஏதாவது பண்ணுதான்னு கேட்டா. அப்புறம் போட்டுட்டா.

மனுவை நானே எழுதி, நானே தபால்ல போட்டாச்சு. ஆபீஸுக்கு எழுதுறதுக்கு டீச்சர் எதுக்கு.

அண்ணன்


ஜூலை 12

தங்கச்சிக்கு,

இதைக் கொண்டு வர்றது காலை பஸ் டிரைவர், என் பழைய லாரி சிநேகிதன். கவர்ல மனுவும் இருக்கு. தபால்ல போட்டா நாள் போயிடும். போன் போட்டேன், நீ வகுப்புல இருப்பேன்னு நினைச்சுக்கிறேன்.

மனு திரும்பி வந்துடுச்சு. "மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள பெயர்களில் மாணவர் எவரும் இல்லை"ன்னு சீல் குத்தி அனுப்பியிருக்காங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கவரையே கடிச்சேன். உன் அண்ணி மனுவை வாங்கிப் படிச்சா. படிச்சுட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினா.

பிள்ளை பேர் போடுற இடத்துல, வாந்தி. பின்சீட்டு. ஷூலேஸ். டிபன் பாக்ஸ். ரெண்டாவது ஹாரன். கொட்டாவி. வாயாடி. என் பேரனுக்குக்கூட குண்டுன்னுதான் எழுதியிருக்கேன். உன் பழைய பிள்ளைங்களுக்குத் தெருவுல நான் கூப்பிடுற பட்டப்பேர், வேன் பிள்ளைங்களுக்கு விலாசம்னு ஏறுற ஸ்டாப்.

பெத்தவங்க கையெழுத்து எல்லாம் ஒழுங்கா இருக்கு. இந்தப் பத்தியை மட்டும் வீட்டுக்கு வந்து நான் நிரப்பினேன். வேணும்னு பண்ணல, சத்தியமா. வேன் ஓட்டினவனுக்கு பிள்ளைன்னா அதுதான். எங்க ஏறும், எங்க இறங்கும், எது வாந்தி எடுக்கும், எது தூங்கும். கூப்பிட்டா திரும்பும், அது போதும் எனக்கு. பேர் என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எழுதுறப்ப தப்புன்னு தோணக்கூட இல்ல, அதை நினைச்சாத்தான் இப்ப கூசுது.

இன்னிக்குப் பார்த்து ரெண்டு வீடு பூட்டு, ஊருக்குப் போயிருக்காங்க. மத்தவங்க வீட்டுல போய் "உங்க பிள்ளை பேர் என்ன"ன்னு நான் எந்த முகத்தோட கேட்பேன், ஆறு வருஷம் அதை வேன்ல ஏத்தின பிறகு. முழுப் பேர், பிறந்த தேதி எல்லாம் வேணுமாம். இன்னும் மூணு நாள்தான் இருக்கு.

இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லாம விட்டேன். கையெழுத்துப் போட்டவங்க பாதி பேர் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "டீச்சர் வருவாங்களா, வெறும் கட்டடத்துக்கா பிள்ளையை அனுப்புறது"ன்னு. வருவாங்கன்னு சொல்லிட்டேன். உன் பேரைத்தான் சொன்னேன். உன்னைக் கேட்காம.

திட்டுறதா இருந்தா இந்த டிரைவர்கிட்டயே சொல்லி அனுப்பு. வார்த்தை மாறாம சொல்லுவான்.

அண்ணன்


ஜூலை 15

அண்ணனுக்கு,

மனு நேத்து மத்தியானம் ஆபீஸ்ல என் கையால கொடுத்தாச்சு. பதினஞ்சு பேருக்கும் முழுப் பேர், பிறந்த தேதி, வீட்டு நம்பரோட புதுத் தாள் வச்சேன். எப்படித் தெரியும்னு நினைப்ப. வருஷா வருஷம் ஏப்ரல்ல வீடு வீடா வந்து அஞ்சு வயசு ஆகுற பிள்ளைங்களை எழுதுவேனே, உனக்கு ஞாபகம் இருக்காது. நீ வேன் கழுவிக்கிட்டு இருப்ப. உன் வேன்ல ஏறப் போற பிள்ளைன்னு தெரிஞ்சே ஒவ்வொண்ணா எழுதுவேன். என்கிட்ட வராத பிள்ளைங்க பேர்தான் எனக்கு நல்லா மனப்பாடம். நீ எழுதின ஸ்டாப்பை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சேன். கொட்டாவி யாருன்னு மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சேன். தண்ணித் தொட்டி ஸ்டாப்ல ஏறுற ரெட்டைப் பிள்ளைங்கள்ல மூத்தவன்தானே. அவனா இல்லன்னா உன் தலையெழுத்து.

டீச்சர் விஷயம். என்னைக் கேட்காம என்னைக் கொடுக்க நீ யாரு? டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பலாம்னுதான் பார்த்தேன், வயசானவர், பாவம்.

கேட்டேன். அங்க தலைமை ஆசிரியர் பதவியை ஆபீஸ்ல ஏற்கெனவே எடுத்துட்டாங்களாம். யாராவது தானா எழுதிக் கொடுத்தா, உதவி ஆசிரியரா மட்டும் அனுப்புவாங்களாம். "மேடம், இன்னும் பதினோரு மாசம் சர்வீஸ். இங்க தலைமை ஆசிரியரா மரியாதையா முடிச்சுட்டுப் போகலாமே, எதுக்கு இந்த வம்பு"ன்னார் அதிகாரி. "நோட்டீஸோட ரெண்டாவது பக்கத்தை ஒட்டியிருந்தா இந்த வம்பே இருந்திருக்காதே சார்"ன்னேன். அவர் ஃபேனைப் பார்த்தார். எழுதிக் கொடுத்துட்டேன். இன்னிக்குக் காலையில உத்தரவு கைக்கு வந்தது.

சந்தோஷப்படாதே, முழுசாப் படி. அடுத்த ஜூன் வரைக்கும்தான். அப்ப மறுபடி எண்ணுவாங்களாம். பதினஞ்சுல ஒண்ணு குறைஞ்சாலும் பூட்டு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாக்கூட நாம ஓடிப்போய்ப் பார்க்கணும்னு இப்படி ஒரு விதி. நாற்காலியை இப்படி வருஷா வருஷம் யாராவது எண்ணுறாங்களா, கேட்டுச் சொல்லு.

ஞாயித்துக்கிழமை வரேன். திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு பெத்தவங்க எல்லாரையும் வரச் சொல்லு. அவங்க சும்மா பிள்ளையை விட்டுட்டுப் போகக் கூடாது. அவங்க முன்னாடி சொல்ல வேண்டியது நம்ம ரெண்டு பேருக்கும் இருக்கு. சொல்லாம ஆரம்பிச்சா அடுத்த ஜூன்ல மறுபடி நம்ம முதுகைத்தான் பார்த்துப் பேசுவாங்க. முதல்ல நான் நிக்கிறேன், என் பையனை எங்க அனுப்பினேன், ஏன் அனுப்பினேன்னு சொல்றேன். அப்புறம் நீ வேனைப் பத்திச் சொல்லு. நீளமா வேண்டாம். கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டுத்தான் மணி அடிப்போம்.

தங்கை


ஜூலை 17

தங்கச்சிக்கு,

கொட்டாவி அவன்தான்.

எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சு. பேங்க்காரம்மாவும் வர்றாங்களாம், கேட்டுட்டு அப்புறம் யோசிக்கிறாங்களாம். பிள்ளைங்களும் அங்கதான் நிக்கும். பெரியவங்க முன்னாடின்னா எப்படியாவது சமாளிச்சுடுவேன். வாயாடி முன்னாடி நின்னு சொல்லணும்னா கொஞ்சம் கஷ்டம்தான்.

சொல்றேன்.

அண்ணன்